ஃபீச்சர் நூறு... டைப் பண்ண ஆள் யாரு?

'ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்'னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அது ஒரு 13 மார்க் கொஸ்டின். வட்டம் வட்டமா போட்டு, அம்புக்குறி இழுத்து, எந்த ரூட்டு ரொம்ப நீளமோ அதுமேல ரெட்டைக் கோடு போட்டா 'கிரிட்டிக்கல் பாத்'. எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்ததும் வட்டமும் போச்சு, அம்பும் போச்சு!

அதே சப்ஜெக்ட் நிஜ கம்பெனியில, நிஜக் காசோட வந்து முன்னாடி நின்னா எப்படி இருக்கும்னு இந்த லீவு இன்டர்ன்ஷிப்ல பார்த்துட்டேன். அதுதான் இந்த வார மேட்டர்.

கம்பெனின்னா கண்ணாடி பில்டிங், ஐ.டி. கார்டு கயிறுனு கற்பனை பண்ணாதீங்க. மொத்தமே 14 பேர். மொட்டை மாடியில சோலார் பேனல் மாட்டிக் கொடுக்கறவங்க. ஆபீஸ் விழுப்புரத்துல, குடோன் திண்டிவனத்துல. நடுவுல ஏறக்குறைய 40 கிலோமீட்டர், விக்கிரவாண்டி டோல்கேட், அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குரூப். கம்பெனியே அந்தக் குரூப்லதான் ஓடுது. ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங்கும் அதுலதான், 'இன்வெர்ட்டர் வந்துருச்சா?'வும் அதுலதான். 2024 பிப்ரவரியில 'பி.எம். சூர்யா கர்' திட்டம் வந்து, வீட்டுக்கு 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய்னு ஆனதுலேர்ந்து ஆர்டர் ஏறிக்கிட்டே போகுது. ஆபீஸ்ல இருந்த எக்ஸெல் ஷீட் மூச்சு முட்டிப் போச்சு.

"நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு பார்த்துச் சொல்லும்மா. எல்லா ஃபீச்சரும் இருக்கணும்"னு சார் சொல்லிட்டாரு. டைம் நாலு வாரம்.

எல்லா ஃபீச்சரும்... இங்கதான் நிறைய கம்பெனி வழுக்கி விழுதுனு நினைக்கிறேன். எப்படின்னா, நெட்ல தேடினா ஒரு ரெடிமேட் பட்டியல் கிடைக்கும். இடது பக்கம் நூறு ஃபீச்சர், மேல அஞ்சாறு சாஃப்ட்வேர் பேரு, நடுவுல டிக், டிக், டிக். மொபைல் ஆப் இருக்கா? எல்லாத்துக்கும் டிக். ரிமைண்டர்? டிக். ஏ.ஐ.? (இப்போ அது இல்லாம யாரும் கடையே திறக்கறது இல்ல!) டிக். கடைசியில எல்லா சாஃப்ட்வேரும் டிஸ்டிங்ஷன்ல பாஸ்! சரி, ஒவ்வொரு ஃபீச்சருக்கும் வெயிட்டேஜ் கொடுத்துக் கூட்டலாம்னு நம்ம புக்ல ஒரு மெத்தட் இருக்கே, அதைப் போட்டுப் பார்த்தேன். அதுல ஒரு கூத்து பாருங்க... வெயிட்டேஜை லேசா அங்க இங்க மாத்தினா நாம ஆசைப்படற சாஃப்ட்வேரை ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்க வெச்சுடலாம். இன்டர்னல் மார்க் மாதிரியேதான்.

அதனால பட்டியலை ஓரமா வெச்சுட்டு, இந்த டூல் எல்லாம் எங்கேர்ந்து வந்ததுனு தேடினேன். ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட தலைவலிக்காகப் பிறந்திருக்கு. நீளப் பட்டையா வேலையைக் காட்டுதே, அந்த கான்ட் சார்ட்டுக்குப் பேரு கொடுத்தவர் ஹென்றி கான்ட். 1910களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் யாரு எவ்வளவு வேலை முடிச்சாங்கனு ஒரே பார்வையில தெரிய அதை பயன்படுத்தினவர். கிரிட்டிக்கல் பாத், 1950களோட கடைசியில டூபாண்ட் கெமிக்கல் கம்பெனி தன்னோட பிளான்ட் வேலைகளுக்காக உருவாக்கினது. பெர்ட், 1958ல அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கினது. கார்டு கார்டா நகர்த்தற கான்பான், ஜப்பானோட டொயோட்டா பேக்டரியிலேர்ந்து வந்தது. அதைத்தான் 2011ல வந்த ட்ரெல்லோ போனுக்குள்ள கொண்டு வந்துச்சு. 2002ல வந்த ஜிரா, சாஃப்ட்வேர்ல இருக்கற 'பக்'கை விரட்ட பிறந்தது. காட்ஸில்லாவோட ஜப்பான் பேரான 'கோஜிரா'விலேர்ந்து வெட்டி எடுத்த பேராம் அது! மொட்டை மாடியில என்ன பக் இருக்கு, கரப்பான்பூச்சியைத் தவிர? ஜிராவுக்கு டாட்டா சொல்லியாச்சு.

நம்ம ஊரு ஆளும் இந்த ஆட்டத்துல இருக்காங்க. 1996ல அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்சு, 2009ல பேரை மாத்திக்கிட்ட ஜோஹோ, 2006லயே 'ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ்' கொண்டு வந்துடுச்சு. அதுல கார்டும் உண்டு, கான்ட்டும் உண்டு. 1984ல டாஸ் காலத்துலயே வந்த மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் ஒரு பக்கம், காசே கேக்காத 'கான்ட்ப்ராஜெக்ட்' இன்னொரு பக்கம். (கடைசியா சொன்னது ஓப்பன் சோர்ஸ். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அதுவே தாராளம்!)

இனிதான் விஷயமே. எந்த டூல் நல்லதுனு டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு பண்ண முடியாது. டெமோவில எல்லாருமே சிரிச்சிக்கிட்டே டைப் பண்றாங்க, யாருக்கும் சார்ஜ் தீர்றதில்ல, மழையே பெய்யறதில்ல. அதனால நான் ஏற்கெனவே முடிஞ்சுபோன அஞ்சு வேலையை எடுத்தேன். எந்தத் தேதியில என்ன நடந்துச்சுனு வாட்ஸ்அப் குரூப்பையும் பில் புக்கையும் வெச்சு எழுதினேன். அதை ஒவ்வொரு டூல்லயும் முதல் நாள்லேர்ந்து திரும்ப ஓட்டினேன், பழைய மேட்ச்சோட ரீப்ளே மாதிரி. நான் தேடின கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்த டூல் அப்பவே இருந்திருந்தா, தப்பு நடக்கப் போகுதுனு முன்னாடியே காட்டியிருக்குமா?

முதல் ரீப்ளேயே சரியான அடி. திண்டிவனத்துல ஒரு டைலர் அக்கா வீடு. பேங்க் லோன் போட்டு 3 கிலோவாட் எடுத்தாங்க. பேனல் மாட்டியாச்சு, இன்வெர்ட்டர், எர்த்திங் எல்லாம் ஓகே. ஆனா இந்த மாதிரி சிஸ்டத்தை, மின்வாரியம் வந்து பார்த்து நெட் மீட்டர் வெச்ச பிறகுதான் ஓட்ட முடியும். அதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துலேர்ந்து பேப்பர் எல்லாம் போகணும். மானியத்துக்கு இந்தியாவுலயே தயாரான செல், பேனல்தான் போடணும்கறதால, ஒவ்வொரு பேனலோட சீரியல் நம்பரையும் போர்ட்டல்ல ஏத்தணும். அந்த நம்பரை போட்டோ எடுத்து குரூப்ல போட்டாச்சு. போட்டவுடனே அதுக்கு மேல முப்பது மெசேஜ், ஒரு பொறந்தநாள் கேக், ரெண்டு ஃபார்வர்டு. விழுப்புரம் ஆபீஸ் அக்கா 'நம்பர் இன்னும் வரல'னு காத்திருக்காங்க. திண்டிவனத்துல 'நாமதான் அனுப்பிட்டமே'னு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒன்பது நாள் காலி!

அந்த ஒன்பது நாளும் டைலர் அக்காவோட பேனல் மாடியில சும்மா வெயில் காயுது. கீழே லோன் ஈ.எம்.ஐ. ஆரம்பிச்சாச்சு. கரன்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் கணக்கெடுப்பாங்கல்ல... மெஷின் ஓடுற கரன்ட்டுக்கு அதுவும் முழுசா கட்டணும். ரெண்டு பக்கமும் பணம் போகுது. இது ஏதோ கார்ப்பரேட் 'டிலே' இல்லீங்க, ஒரு வீட்டோட மாசக் கணக்கு.

சரி, டூல் என்ன காட்டுச்சு? ட்ரெல்லோ மாதிரி கார்டு போர்டுல அக்காவோட கார்டு 'பேனல் மாட்டியாச்சு' கட்டத்துல ஜம்முனு உட்கார்ந்திருந்தது. பார்த்தா எல்லாம் சுபம்! கான்ட் சார்ட்டுல போட்டா? அதுலயும் பட்டை வரிசையா அழகா இருந்துச்சு. ஏன்னா 'சீரியல் நம்பரை ஆபீஸ்ல சேர்க்கணும்'கறதை ஒரு வேலைன்னே யாரும் எழுதல. அதை ஒரு தனி வேலையா சேர்த்து, தேதியும் ஆள் பேரும் போட்ட பிறகுதான் ரெண்டு டூலும் மறுநாளே சிவப்பாச்சு. கிரிட்டிக்கல் பாத் ஒரு போட்டோ வழியா போகும்னு எந்த புக்லங்க போட்டிருக்கு!

அங்கேர்ந்து ஒரு ஐடியா கிடைச்சுது. எல்லா கார்டுக்கும் நாலு கலர் லேபிள். எங்க கையில, கஸ்டமர் கையில, ஈ.பி. கையில, பேங்க் கையில. வேலை எத்தனை சதவீதம் முடிஞ்சுதுங்கறதை விட, பந்து இப்போ யார் கையில இருக்குங்கறதுதான் எங்க கம்பெனிக்குத் தேவைப்பட்டுது. இதுக்குனு தனியா ஒரு கட்டம் சேர்க்கற வசதி (கஸ்டம் ஃபீல்டுனு சொல்வாங்க) ட்ரெல்லோவுல காசு கட்டினாதான். கலர் லேபிள் இலவசத்துலயே வந்துடுது. நூறு ஃபீச்சர் பட்டியல்ல கடைசிப் பக்கத்துல இருந்த ஐட்டம்!

ரெண்டாவது ரீப்ளே, புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு மறக்காது. மயிலத்துல 24 மணி நேரத்துல சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் நடுவுல ரயில் பாலத்துல தண்ணி அபாய அளவைத் தாண்டி, ரயிலையே நிறுத்திட்டாங்க. குடோன் அந்தப் பக்கம், ஆபீஸ் இந்தப் பக்கம். அந்த வாரம் ஒரு ரைஸ் மில் ஷெட்டு மேல பெரிய வேலை ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரீப்ளேல ஸ்டீல் ஸ்ட்ரக்சர் வேலையைப் பத்து நாள் தள்ளி வெச்சுப் பார்த்தேன். ஒரு வேலை முடிஞ்சாதான் அடுத்ததுனு கோத்து வெச்ச கான்ட் டூல்ல, பின்னாடி இருக்கற பேனல், கேபிள், டெஸ்டிங் எல்லாம் தானா சேர்ந்து நகர்ந்துச்சு. பழைய பிளானை பேஸ்லைனா பக்கத்துலயே வெச்சுக் காட்டுச்சு. கஸ்டமர்கிட்ட 'ஏன் லேட்டு, எவ்ளோ லேட்டு'னு பேச அது போதும். கார்டு போர்டுல ஒவ்வொரு தேதியையும் நானே உட்கார்ந்து மாத்தினேன். விரல் வலி.

இந்தக் 'கோத்து வைக்கறது' புரியாதவங்க நம்ம ஏரியாவுல யாருமே இருக்க முடியாது. திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை ரயில் பாதை, சுமார் 70 கிலோமீட்டர், 2006-07ல அனுமதியான திட்டம். நிலம் கைக்கு வராம தண்டவாளம் போட முடியாது, தண்டவாளம் போடாம ரயில் ஓட முடியாது. எங்க தாத்தாவே டிபென்டென்சி சொல்லித் தருவாரு.

மூணாவது மேட்டர் சூப்பர்வைசர் அண்ணாகிட்டேர்ந்து வந்துச்சு. "ஒரு வீட்டுக்கு ஸ்ட்ரக்சர் போட எத்தனை நாளுண்ணா?"னு கேட்டா, "அது எப்படிப் பாப்பா ஒரு நம்பர்ல சொல்றது? சீக்கிரம்னா ரெண்டு நாள். சாதாரணமா மூணு. மழை புடிச்சா பத்து"ன்னாரு. எனக்கு புல்லரிச்சுப் போச்சு. இதுதானேய்யா பெர்ட்! சீக்கிரம் 2, நடுவுல 3ஐ நாலால பெருக்கினா 12, மோசம்னா 10. கூட்டினா 24, ஆறால வகுத்தா 4. கஸ்டமர்கிட்ட நாலு நாள்னு சொல்லணும். ஆபீஸ் எக்ஸெல்ல எல்லா வீட்டுக்கும் மூணுன்னே போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சது, குடோன் வாசல்ல டீ கிளாஸோட ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது.

அந்த அண்ணா இன்னொண்ணும் சொன்னாரு. "ஆப்பு எல்லாம் போடு, வேணாங்கல. ஆனா கையில கிளவுஸு, மேல வெயிலு. நான் எங்க பாப்பா டைப் பண்றது?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஃபீல்டுல இருக்கறவங்க 10 பேர். கூரை மேல நின்னுக்கிட்டு ஆப் திறந்து, ப்ராஜெக்ட் தேடி, டாஸ்க் தேடி, ஸ்டேட்டஸ் மாத்தறதுங்கறது நடக்காத காரியம். டைப் பண்ணலைன்னா போர்டுல இருக்கறது எல்லாம் பொய். அதனால ஒவ்வொரு டூல்லயும் ஒரு டெஸ்ட் வெச்சேன். ஒரு போட்டோவைச் சரியான வேலைக்குள்ள சேர்க்க எத்தனை தடவை ஸ்க்ரீனைத் தொடணும்? நெட் இல்லாத கிராமத்துல எடுத்த போட்டோ, சிக்னல் வந்ததும் தானா போகுதா? வேலையோட பேரைத் தமிழ்ல எழுதினா தேடும்போது கிடைக்குதா? பி.டி.எஃப். எடுத்தா தமிழ் எழுத்து தமிழாவே வருதா? ஒரு டூல்ல 'கூட்டேரிப்பட்டு' கட்டம் கட்டமா வந்துச்சு. சார் அதைப் பார்த்து, "இது எந்த ஊருப்பா?"னு கேட்டாரு.

ஆளுக்கு இவ்ளோனு மாசக் காசு வாங்கற டூல்ல, இந்தக் கேள்விதான் பில்லையும் தீர்மானிக்குது. சும்மா ஒரு கணக்குக்கு ஆளுக்கு 400 ரூபாய்னு வெச்சுக்குங்க. 14 பேருக்கு வருஷத்துக்கு 67,200 ரூபாய். நிஜமா டைப் பண்ணப் போற நாலு பேருக்கு மட்டும்னா 19,200. இலவச பிளான்லயும் தலையை எண்றாங்க. 2024லேர்ந்து ட்ரெல்லோ இலவசத்துல ஒரு வொர்க்ஸ்பேஸுக்கு 10 பேர்தான். 14 பேர் கம்பெனி அங்கேயே இடிக்குது. ரேட்டும் வரம்பும் அடிக்கடி மாறும், வாங்கற அன்னிக்கு அவங்கவங்க சைட்டைப் பார்த்துக்கங்க.

அப்புறம் அந்த ஜி.பி.எஸ். விவகாரம். ஒரு டூல்ல டைம்ஷீட்டோட, ஆள் எங்க இருக்காருனு காட்டற வசதியும் இருந்துச்சு. "காசு கொடுக்கறோம், ஆன் பண்ணிடலாமே"ன்னாரு சார். விஷயம் எப்படியோ திண்டிவனத்துக்குப் போயிடுச்சு. மறுநாள் குரூப்ல குட்மார்னிங் ரோஜாப்பூ கூட வரல! நாள் கூலிக்கு வர்றவங்க ரெண்டு மூணு பேரு, அரை மணி டீ குடிச்சா கூலியைப் பிடிப்பாங்களோனு பயந்துட்டாங்க. ரிப்போர்ட்ல நான் தெளிவா எழுதினேன். அஞ்சு ரீப்ளேல ஒண்ணுல கூட லேட்டுக்குக் காரணம் ஆளு எங்க இருந்தாருங்கறது இல்ல. பேப்பர், பொருள், மழை, இந்த மூணுதான். அந்த ஃபீச்சரை ஆன் பண்ணினா கிடைக்கப் போறது பூஜ்யம், போகப் போறது அவங்க அனுப்பற போட்டோ. சார் ரெண்டு நாள் யோசிச்சாரு. வேண்டாம்னுட்டாரு. மறுநாள் ரோஜாப்பூ வந்துச்சு.

கடைசியா ஒரு கேள்வியை எந்தப் பட்டியல்லயும் நான் பார்க்கல. வெளியே வர வழி எங்க? 2015ல மைக்ரோசாஃப்ட் வாங்கின 'வுண்டர்லிஸ்ட்'னு ஒரு சூப்பர் டாஸ்க் ஆப். 2020 மே 6ல கடையை மூடிட்டாங்க. 2018 செப்டம்பர்ல, ஃபிஷிங் புகார்னு சொல்லி டொமைன் ரெஜிஸ்ட்ரார் ஜோஹோவோட வெப்சைட் முகவரியையே முடக்கி, உலகம் பூரா அவங்க கஸ்டமர்கள் சில மணி நேரம் தவிச்சாங்க. 2022 ஏப்ரல்ல, ஜிராவோட கம்பெனி அட்லாசியன்ல ஒரு ஸ்க்ரிப்ட் தப்பா ஓடி, சுமார் 775 கஸ்டமர்களோட சைட் அழிஞ்சு, சிலருக்குத் திரும்பக் கிடைக்க 14 நாள் ஆச்சு. அவ்ளோ பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கதி. அதனால ட்ரையல்ல முதல் வேலையா, டேட்டா எல்லாத்தையும் டவுன்லோடு பண்ணிப் பாருங்க. டாஸ்க் பேரு மட்டும் வந்து போட்டோவும் கமென்ட்டும் வரலைன்னா, அந்த எக்ஸ்போர்ட் அரை எக்ஸ்போர்ட்தான்.

முடிவு என்னனுதானே கேக்கறீங்க? பேரு சொன்னா விளம்பரம் ஆயிடும், எடிட்டர் வெட்டிடுவாரு. கார்டும் கான்ட்டும் ரெண்டுமே இருக்கற ஒரு டூல், நாலு சீட். வீட்டு வேலை எல்லாம் ஒரே மாதிரி 12 படிங்கறதால ஒரு டெம்ப்ளேட்டா போட்டு கார்டு போர்டுல. ரைஸ் மில் மாதிரி பெரிசு வந்தா மட்டும் கான்ட். ஃபீல்டு ஆளுங்க யாருக்கும் லாகின் கிடையாது. அவங்க எப்பவும் போல வாட்ஸ்அப்ல போட்டோ, வாய்ஸ் மெசேஜ். ஆனா குரூப்ல இல்ல, ஆபீஸ் அக்காவோட நம்பருக்கு, வீட்டுக்காரங்க பேரைச் சொல்லி. சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா அரை மணி நேரம் உட்கார்ந்து கார்டை நகர்த்தறாங்க. அந்த அரை மணி அவங்க வேலை நேரத்துக்குள்ள வரணும், ஓவர்டைம்ல தள்ளக் கூடாதுனு ரிப்போர்ட்ல தனி வரியா போட்டிருக்கேன். சார் கையெழுத்துப் போட்டுட்டாரு.

மூணு மாசத்துக்குப் பழைய எக்ஸெல்லும் பக்கத்துலயே ஓடணும். திங்கட்கிழமை காலையில ரெண்டையும் வெச்சு, 'எங்க கையில'னு சிவப்பு லேபிள் போட்ட கார்டு எத்தனைனு மட்டும் எண்ணிப் பார்க்கறாங்க. நான் கிளம்பற வாரம் அது ஏழு.

அடுத்த வாரம்: இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டை எழுதறது எப்படி, சீனியரோட பழைய ரிப்போர்ட்டைத் தொடாமல்! ரெடியா இருங்க.